ஆயத்துறையில் ஒரு ஜெபம்

தியானப் பகுதி: லூக்கா 18:9-14, மத்தேயு 6:5-13, தானியேல் 6:10

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

 

நாம் குடியிருக்கும் பகுதியின் பெயரை ஒரு நாளில் பலமுறை சொல்கிறோம். பேருந்து நடத்துநர் அதைச் சொல்லி விசிலடிக்கிறார். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டபின் ரயிலுக்குள்ளும் அந்தப் பெயர் ஒலிக்கிறது. டோல்கேட் என்பதன் பொருள் சுங்கம் வாங்கும் வாயில் என்பதாகும். நம் தமிழ் வேதாகமம் அப்படிப்பட்ட இடத்தை ஆயத்துறை என்கிறது. அங்கே உட்கார்ந்து வரி வாங்குகிறவனை ஆயக்காரன் என்கிறது. ஆகவே, நாம் ஆயத்துறைவாசிகள் என்று சொல்லிக்கொண்டாலும் தவறில்லை.

ஆயக்காரரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். ஜெபம்பண்ண இருவர் தேவாலயத்துக்குப் போனார்கள். பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் எண்ணிச் சொல்லி நீளமாக ஜெபித்தான். ஆயக்காரனோ தூரத்தில் நின்றான். கண்களை ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டு தேவ கிருபைக்காகக் கெஞ்சினான். அவன் ஜெபம் நம் வேதாகமத்தில் நான்கே சொற்கள். அந்த நான்கு சொற்களோடு வந்தவனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் என்று ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார்.

இந்த உவமையை இவ்வாரம் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுச் சந்திப்புகளுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை இது: "ஐயா, எனக்கு ஜெபிக்க நேரமில்லை, நேரம் கிடைத்தாலும் என்ன சொல்வதென்று தெரியவில்லை." இதைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்கச் செல்பவர்கள். துறைமுக வாயிலுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள். காசிமேட்டு ஏலத்துக்காக நடுஇரவிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் தாய்மார்கள். கப்பலில் வேலைக்குப் போய்ப் பல மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையையும் காணாத வாலிபர்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணிநேரம் ஜெபிக்கிற பரிசுத்தவான்களின் சாட்சியைக் கேட்டு, அது தங்களால் கூடாது என்று கண்டு, முழுவதுமாகவே விட்டுவிடுகிறார்கள்.

நம் தெருக்களில் கிறிஸ்துவை வெளிப்படையாக மறுதலித்து விசுவாசத்தை விட்டவர்களை நான் மிகச் சிலரையே கண்டிருக்கிறேன். சோர்ந்து பின்வாங்கியவர்களையோ அநேகராய்க் கண்டிருக்கிறேன். இன்று களைப்பு, நாளைக்கு ஜெபிக்கலாம் என்று தொடங்குகிறது. அந்த நாளை ஒரு மாதமாகிறது, பிறகு ஒரு வருஷமாகிறது. ஒருநாள் துன்பம் கதவைத் தட்டும்போது, ஆண்டவரோடு பேசும் பழக்கமே தங்களிடத்தில் இல்லாமற்போயிற்று என்று அறிகிறார்கள். ஆகவே இது சிறிய காரியமல்ல. நம் வீடுகளில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குச் சேருமா என்பது இதிலேதான் இருக்கிறது.

ஆண்டவர் இதை அறிந்திருந்தார். மலைப்பிரசங்கத்தில் அவர் ஜெபத்தைக் குறித்துப் போதித்தபோது, அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்று எண்ணவேண்டாம் என எச்சரித்தார். அதன்பின் ஒரு சிறிய ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். பரமண்டல ஜெபம் என்று நாம் சொல்லும் அதை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஜெபத்தை நாம் வழக்கமாய்ச் சொல்லும் வடிவில் தந்திருப்பது மத்தேயு சுவிசேஷம். மத்தேயு யார்? ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தபோது அழைக்கப்பட்டவர். நாள் முழுவதும் சாலையின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து பிறர் பணத்தை எண்ணியவர். அப்படிப்பட்டவருடைய பெயரைத் தாங்கிய சுவிசேஷத்தின் வழியாக இந்த ஜெபம் நமக்கு வந்திருப்பது என் உள்ளத்துக்கு ஆறுதலாயிருக்கிறது. உழைக்கிறவன் கையில் ஏந்திச் செல்லத்தக்க ஜெபம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஜெபத்தில் ஒரு மாதத்துக்கான ஆகாரத்தை நாம் கேட்பதில்லை; இன்றைக்கு வேண்டியதை இன்று கேட்கிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தபோது அது பூச்சிபிடித்து நாறிற்று என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நேற்றைய கூலியில் நேற்றைய அடுப்பு எரிந்தது. இன்றைக்கு இன்று வேலைக்குப் போகவேண்டும். ஜெபமும் அப்படியே. கன்வென்ஷன் கூட்டத்தில் மூன்று நாள் கண்ணீரோடு ஜெபித்தது நல்லது. ஆனால் அது அடுத்த மூன்று மாதத்துக்குச் சேர்த்துவைத்த மன்னா ஆகாது.

நம் தமிழ் மண்ணில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1542-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கற்பனைகளையும் அவர்கள் உதவியால் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, ஒவ்வொரு நாளும் இருவேளை அதையே சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினார். பிறகு அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஜெபம் அந்த வீடுகளில் தங்கிவிட்டது.

இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எது என்று நம் வாலிபர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ அது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அதை ஆக்கினார். அது பதினாறே பக்கங்கள் கொண்ட ஒரு சிறு உபதேச நூல். ஜெபங்களும் விசுவாசத்தின் அடிப்படைகளும் அதில் அடங்கின. காவியத்துக்கும் இலக்கணத்துக்கும் முன்பாக, மீனவர் கையில் கொடுக்க ஓர் எளிய ஜெபப் புத்தகமே தமிழ் அச்சேறியது. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு அம்மக்களைத் தங்கள் சபைக்குத் திருப்ப முயன்றபோதும், அவர்கள் தாங்கள் கற்றதை விடவில்லை. டச்சுக்காரர் நம்மைப் போலவே சீர்திருத்த மரபினர். ஆயினும் இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. ஒரு சிறிய ஜெபம் தினந்தோறும் வாயில் இருந்தால் அது மனிதனை எவ்வளவு உறுதியாய்ப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அந்தக் கடற்கரை அத்தாட்சி.

ஜப்பான் தேசத்திலும் இப்படி நடந்தது. 1614-இல் அங்கே கிறிஸ்தவ மார்க்கம் தடைசெய்யப்பட்டது. குருமார்கள் துரத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கிருந்த விசுவாசிகளுக்கு ஆலயமும் இல்லை, போதகரும் இல்லை. 1865-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓர் ஆலயத்துக்கு ஊரகாமி என்னும் கிராமத்திலிருந்து சிலர் வந்து, தாங்களும் அதே விசுவாசத்தார் என்று அங்கிருந்த குருவானவரிடம் மெல்லச் சொன்னார்கள். தாயும் தகப்பனும் பிள்ளைகளுக்கு இரகசியமாய்ச் சொல்லிக்கொடுத்த ஜெபங்களே ஏழெட்டுத் தலைமுறைகளாக அவர்களைக் காத்திருந்தன. வாரந்தோறும் ஆராதனையும் கையில் வேதாகமமும் நமக்கு இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று அவர்கள் நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இப்போது தானியேலிடம் வாருங்கள். அவர் துறவி அல்லர். 120 தேசாதிபதிகளின் கணக்கை மேற்பார்வையிட்ட மூன்று பிரதானிகளுள் ஒருவர். இன்றைய அலுவலர்களைப் போல வேலைப் பளு மிகுந்தவர். முப்பது நாள் ராஜாவைத் தவிர வேறு எவரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை பிறந்ததை அறிந்தும், அவர் தம் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில் முழங்காற்படியிட்டு, தினம் மூன்று வேளையும் ஜெபித்தார். முன்பு செய்துவந்த வண்ணமே செய்தார் என்று வேதம் சேர்த்துச் சொல்வதை ஆழ்ந்து கவனியுங்கள். ஆபத்து வந்ததற்காக அவர் புதிதாய் ஒன்றையும் தொடங்கவில்லை. நேற்று எந்த நேரத்தில் எந்த இடத்தில் முழங்கால்படியிட்டாரோ, இன்றும் அப்படியே செய்தார். சிங்கக் கெபிக்கு வேண்டிய தைரியம் அவருக்குப் பல ஆண்டுகளாக அந்த மேலறையிலேயே கொடுக்கப்பட்டு வந்தது.

ஆபத்து நமக்குக் கற்றுக்கொள்ள அவகாசம் தருவதில்லை. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நெருங்கிய வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கிறிஸ்துமஸ் பண்டிகையின் மறுநாள் இரவு. கண் எரிய, மூச்சு முட்ட, தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் யாரும் வார்த்தைகளை அலங்கரித்து ஜெபிக்க முடியாது. ஏற்கெனவே உள்ளத்தில் பதிந்திருப்பதுதான் வாயில் வரும்.

இவ்வாறு தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது வெறும் உதட்டு ஜெபமாகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உதடுகளால் கனம்பண்ணி இருதயத்தால் தூரமாய் விலகியிருப்பதை ஏசாயா தீர்க்கதரிசியும் கண்டித்தார், ஆண்டவரும் கண்டித்தார். ஆனால் அவர்கள் கண்டித்தது தூரமாய்ப்போன இருதயத்தை. வேலையிலிருந்து வரும் மகனிடம் தாய் தினமும் ‘சாப்பிட்டாயா’ என்று அதே வார்த்தையையே கேட்கிறாள். முப்பது வருஷம் கேட்டாலும் அதில் அன்பு குறைந்துபோவதில்லை. எந்த நாளில் அவள் அதைக் கேட்கவில்லையோ அந்த நாளில்தான் மகன் கலங்குகிறான். ஜெபத்தில் மனம் ஒன்றாத நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் நில்லுங்கள். இருதயம் பின்னால் வந்து சேரும்.

இதை நான் ஒரு தாயாரிடம் கண்டேன். அவர் பெயரை எழுத அவர் விரும்பவில்லை. கடற்கரையில் மீன் வாங்கித் தெருவில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கற்ற பரமண்டல ஜெபம் ஒன்றே அவருக்கு மனப்பாடம். படகுகள் கரை சேரும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தில், கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து அதைச் சொல்வது அவர் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகும்போது கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோனான். அடக்க ஆராதனைக்குப் பின் பல வாரம் கழித்து நான் அவரைச் சந்தித்தபோது, "ஜெபிக்க முடிகிறதா, அம்மா?" என்று கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்து பின்பு சொன்னார்:

"தினமும் ஆரம்பிக்கிறேன், ஐயா. அவரோட சித்தம்னு வர்ற எடத்துல வாய் நின்னுடுது. அதுக்கு மேல சொல்ல முடியல. அப்படியே எழுந்து போயிடுவேன். மறுநாள் மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிப்பேன்."

அவருக்கு நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் அதே இடத்தில்தான் மூன்று முறை மறுபடியும் மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தத் தாயாரின் பாதி ஜெபம் ஏறக்குறைய ஒரு வருஷம் பாதியாகவே இருந்தது. அதற்குப்பின் ஒருநாள் ஆராதனை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வாரம் முழுசா சொல்லிட்டேன், ஐயா" என்றார். துக்கம் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மகனுடைய படத்துக்கு முன்னால் இன்றும் அழுகிறார். ஆனால் ஒரு வருஷ காலமாய், சொல்லமுடியாத வார்த்தையின் முன்னால் ஒவ்வொரு நாளும் வந்து நின்றார். அவர் முடிக்காமல் எழுந்துபோன நாட்களையும் பரமபிதா ஜெபமாகவே கணக்கிட்டிருப்பார் என்று நான் விசுவாசிக்கிறேன். உண்மையுள்ளவராயிருப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரியமானவர்களே, நீங்கள் என்ன செய்யலாம்? பெரிய தீர்மானங்கள் எடுக்கவேண்டாம். டிடாக்கே என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல், ஆதிச் சபையார் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லவேண்டும் என்று கற்பிக்கிறது. தானியேலும் மூன்று வேளை ஜெபித்தார். நாமும் மூன்று வாயில்களைக் குறித்துக்கொள்வோம். எழுந்தவுடன், படுக்கையைச் சுருட்டுவதற்கு முன் ஒருமுறை. வேலைத்தலத்தின் வாசலில் கார்டு பஞ்ச் செய்யும் முன், அல்லது வண்டியைக் கிளப்பும் முன், அல்லது கடையின் ஷட்டரைத் தூக்கும் முன் ஒருமுறை. இரவில் விளக்கை அணைக்குமுன் வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு விடியற்காலையே இரவு, அப்போது சொல்லுங்கள். கர்த்தருக்கு இரவும் பகலும் ஒன்றே.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுகவீனமாயிருக்கும் அயலார், கடலுக்குப் போயிருக்கும் தம்பி, உங்களோடு பேசாமலிருக்கும் அண்ணன் என யாராவது ஒருவர். பிறர் நமக்குச் செய்த குற்றங்களை மன்னிப்பதாக அந்த ஜெபத்தில் நாமே வாக்குக் கொடுக்கிறோம். அதை நாளுக்கு மூன்று முறை சொல்லிக்கொண்டே, ஒரே சுவருக்காகப் பத்து வருஷம் அண்ணன் தம்பி முகம்பாராமல் இருப்பது கடினம். ஒன்று ஜெபத்தை விட்டுவிடுவோம், அல்லது பகையை விட்டுவிடுவோம். பகையை விட்டு, அண்ணன் வீட்டு வாசல் ஏறிய ஒருவர் நம் சபையிலேயே இருக்கிறார். அவருக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

ஒருநாள் தவறிப்போனால் மனம் தளராதேயுங்கள். தவறிய நாட்களையெல்லாம் சேர்த்து ஈடுசெய்ய முயலவும் வேண்டாம். நேற்றைய மன்னாவை இன்று தேடவேண்டியதில்லை. ஒன்றும் சொல்லத் தோன்றாத நாளில் அந்த ஆயக்காரனின் நான்கு சொற்கள் போதும். ஆண்டவர் இரா முழுவதும் ஜெபித்ததும் உண்டு என்று லூக்கா எழுதுகிறார். சிறிய ஜெபத்தில் நிலைத்திருப்பவனுக்கு நீண்ட ஜெபத்தின் வேளையையும் அவர் தக்க காலத்தில் அருளுவார்.

ஜெபம்:

எங்கள் அன்பின் பரமபிதாவே, உழைத்துக் களைத்த எங்களை உம்முடைய சமுகத்தில் ஏற்றுக்கொள்ளும். வார்த்தை இல்லாதவருக்கு உமது குமாரன் கற்றுத்தந்த வார்த்தையைக் கொடும். பாதியில் நின்றுபோன ஜெபங்களை நீர் கேட்டு முடித்தருளும். இரவுப் பணியில் இருப்பவர்களையும், கடலில் இருப்பவர்களையும், சாலையில் இருப்பவர்களையும் காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளின் வாயில் உம்முடைய நாமம் ஒருநாளும் ஒழியாதிருக்கச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம். அதுவரை அவருடைய கிருபை உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக.